மனசாட்சி இல்லாத ஜன்னல்

உலகில் மனசாட்சி எங்கெங்கோ இருக்கலாம். ஆனால் அதற்கென்று அலுவலக நேரம், ஜன்னல் எண், சட்டப் பாதுகாப்பு, மதியச் சாப்பாட்டு இடைவேளை எல்லாம் முறையாக வழங்கப்பட்டிருப்பது எங்கள் மாவட்டமான டன்மோர் கவுண்டியின் நீதிமன்றக் கட்டடத்தில் மட்டும்தான். அமெரிக்காவின் தெற்கே எங்களைவிடப் பெரிய ஊர்கள் உண்டு. குழி இல்லாத சாலை போட்ட ஊர்கள்கூட உண்டு என்கிறார்கள். ஆனால் தொட்டாலே கூசும் மனசாட்சி உள்ள ஊர் எங்களுடையதுதான்.

சட்டம் இதுதான். கல்யாணம் என்பது ஓர் ஆணுக்கும் ஒரு பெண்ணுக்கும் இடையே நடப்பது, அதில் ஆண் ஆணாகவும் பெண் பெண்ணாகவும் இருக்க வேண்டும் என்று ஓர் அரசு ஊழியர் "மனமார" நம்பினால் போதும். அந்த நம்பிக்கைக்கு ஒவ்வாத கல்யாண உரிமத்தில் அவர் கையெழுத்துப் போட வேண்டியதில்லை. வேலையை விட்டு நீக்க முடியாது. ஏன் என்று கேட்கவும் முடியாது.

இந்தச் சட்டத்தை எங்கள் ஊரில் முதலில் திறந்துவைத்த பெருமை கவுண்டி எழுத்தர் சகோதரர் வெண்டெல் பர்க்ஹால்டரைச் சேரும். வெல்டா, ரூத்தான் என்ற இரண்டு பெண்கள் கைகோத்துக்கொண்டு உரிமம் கேட்டு வந்தபோது, அவர் வேதத்தைத் திறந்து ஒரு வசனத்தின் மேல் விரலை வைத்தார். கண் கலங்கினார். ஜன்னலைச் சாத்தினார். அந்த ஞாயிற்றுக்கிழமை சபையே எழுந்து நின்று கைதட்டியது. அடுத்த தேர்தலில் அவரை எதிர்த்து நிற்க ஆளே இல்லை. மனசாட்சியில் இவ்வளவு லாபம் இருக்கிறது என்பது வியாபாரக் குடும்பத்தில் பிறந்த எனக்கே அதுவரை தெரியாது.

ஆனால் சட்டத்துக்கு ஒரு வால் இருந்தது. ஒருவர் ஒதுங்கிக்கொண்டால், வந்தவரைக் காக்கவைக்காமல் வேறொருவர் அந்த வேலையைச் செய்ய வேண்டும். இரண்டாம் ஜன்னலில் இருந்த உதவி எழுத்தர் மிஸ் எர்னஸ்டீனுக்கோ வெண்டெலைவிட முரட்டு மனசாட்சி. பிறந்ததிலிருந்து முடி வெட்டாத, பேன்ட் அணியாத பரிசுத்த சபைக்காரர் அவர். எனவே கவுண்டி வாரியம் அவசரமாகக் கூடி, "மனசாட்சி சாரா உதவி எழுத்தர்" என்ற புதிய பதவியை உருவாக்கியது.

ஆள் கிடைப்பதுதான் பெரும்பாடாக இருந்தது. நல்ல சம்பளம், மருத்துவக் காப்பீடு, கிறிஸ்துமஸுக்கு ஒரு பன்றித்தொடை, எல்லாம் உண்டு. இருந்தாலும் தனக்கு மனசாட்சி இல்லை என்று எழுதிக் கொடுக்க ஒருவரும் முன்வரவில்லை.

"அட, யோசிச்சுச் சொல்லுங்கப்பா. நம்ம ஊர்ல மனசாட்சியே இல்லாத ஆளுன்னா யாரு?" என்று வாரியத் தலைவர் கேட்டார்.

யோசிக்கத் தேவைப்படவில்லை. எல்லா உறுப்பினரும் ஒரே குரலில், "டில்லார்ட் வீட்டு ராய்ஸ்!" என்றார்கள்.

அது நான்தான். என் அப்பா பழைய கார் விற்றவர். சித்தப்பா பழைய டிராக்டர். அத்தை கல்லறைக் கல் விற்பார். அதிலும் பெயர் தப்பாகச் செதுக்கிய கல்லைத் தள்ளுபடியில் தருவார். வாரிய உறுப்பினர்களில் பாதிப் பேர் எங்கள் அப்பாவிடம் கார் வாங்கியவர்கள். வாரிய வரலாற்றிலேயே ஒருமனதாக நிறைவேறிய தீர்மானம் அது ஒன்றுதான் என்பதில் எனக்குப் பெருமை உண்டு.

பலகை எழுத வந்த பெயிண்டர், பதவியின் பெயர் நீளமாக இருக்கிறதென்று சுருக்கி, "ஜன்னல் 3: மனசாட்சி இல்லாதவர்" என்று எழுதிவிட்டுப் போனார். உள்ளே உட்கார்ந்திருப்பவரா, வெளியே நிற்பவரா என்று பலகை சொல்லவில்லை. ஊர் தன் வசதிப்படி புரிந்துகொண்டது. கௌரவமானவர்கள் அந்தப் பக்கம் தலைகூடத் திருப்பவில்லை. முதல் உரிமம் வெல்டாவுக்கும் ரூத்தானுக்கும் கொடுத்தேன். அதற்குப் பிறகு கார்ப் பதிவு, நாய்ப் பதிவு எதுவானாலும் அவர்கள் என்னிடம்தான் வருவார்கள்.

கூட்டம் சேர்த்துக் கொடுத்தவர் மிஸ் எர்னஸ்டீன். அவருடைய மனசாட்சி பாரபட்சம் அறியாதது. பேன்ட் போட்டு வந்த மணமகளைத் திருப்பி அனுப்பினார். முடியைக் குட்டையாக வெட்டியவளைத் திருப்பி அனுப்பினார். விவாகரத்து ஆனவர்களை ஆண் பெண் பேதமின்றித் திருப்பி அனுப்பினார். ஆனால் யாரையும் வெறும் வயிற்றோடு அனுப்பியதில்லை. வீட்டிலேயே வெண்ணெய் கேக் செய்து கொண்டுவந்து, தான் திருப்பி அனுப்பும் ஒவ்வொருவருக்கும் ஒரு துண்டு கொடுப்பார்.

இந்த நிலையில்தான் சகோதரர் வெண்டெலுக்குக் காதல் வந்தது.

மனைவியை இழந்தவர், தனியாகச் சாப்பிட்டுச் சலித்தவர். பெண், அழகு நிலையம் வைத்திருக்கும் லோரீன் டாட்லாக். இரண்டு முறை விவாகரத்தானவள். முன்னாள் கணவர்கள் இரண்டு பேரும் நல்ல ஆரோக்கியத்தோடு எதிரெதிர்க் கடைகளில் டயர் விற்கிறார்கள். சனிக்கிழமை கல்யாணம். சபைக் கூடம் பிடித்தாயிற்று, கெளுத்தி மீனுக்குச் சொல்லியாயிற்று. லோரீன் ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டிருந்தாள்.

"ரெண்டு தடவையும் வெளியூருக்குத் திருட்டுத்தனமா போய்க் கட்டிக்கிட்டுத்தான் விளங்காம போச்சு. இந்தத் தடவை நம்ம ஊர்ல, எல்லார் கண்ணு முன்னாடியும் உரிமம் வாங்கணும். இல்லேன்னா நான் மெம்ஃபிஸ்ல தங்கச்சி வீட்டோட போய் இருந்துக்கறேன், வெண்டெல். விளையாட்டுக்குச் சொல்லல."

வெள்ளிக்கிழமை காலை வந்தார்கள். கூடவே சாட்சிக்கென்று சபை மூப்பர்கள் இரண்டு பேர். தன் உரிமத்தில் தானே கையெழுத்துப் போட முடியாதாகையால், வெண்டெல் இரண்டாம் ஜன்னலுக்கு மாப்பிள்ளை மிடுக்கோடு போனார்.

"மிஸ் எர்னஸ்டீன், நல்ல சேதி. ஒரே ஒரு கையெழுத்து."

"ரொம்ப சந்தோஷம், சகோதரரே. முடியாது."

"என்னது?"

"லோரீனோட புருஷங்க ரெண்டு பேரும் உயிரோட இருக்காங்களே. கேக் சாப்பிடறீங்களா?"

"அவங்கெல்லாம் பழைய புருஷங்க!"

"டயர்லதான் பழசு புதுசு. அந்தப் பொண்ணுங்களுக்கு ஒரு வசனம் காட்டுனீங்களே, அதே பக்கத்துல அஞ்சு வசனம் கீழ, விவாகரத்தானவளக் கட்டிக்கறதப் பத்தி என்ன இருக்குன்னு வாசிச்சுப் பாருங்க."

"அது வேற விஷயம்."

"சொன்னவரு ஒருத்தர்தான், சகோதரரே."

வெண்டெல் மூப்பர்களைப் பார்த்தார். மூப்பர்கள் மேல்கூரையைப் பார்த்தார்கள்.

"அதோட முடி விஷயம் வேற இருக்கு," என்று எர்னஸ்டீன் கத்தியை எடுத்துக் கேக்கை வெட்டத் தொடங்கினார். "ஊர்ல பாதிப் பொம்பளைங்க முடிய வெட்டுனது யாரு? பொம்பளை பொம்பளையா இருக்கணும்னு சட்டமே சொல்லுது."

லோரீனுக்கு முகம் சிவந்தது. "போன வாரம் உங்க மருமக வந்து வெட்டிக்கிட்டுப் போனா. அது தெரியுமா?"

"தெரியும் கண்ணு. அவ கல்யாணத்துக்கும் நான் கையெழுத்துப் போடல."

"எர்னஸ்டீன், நான் உங்க மேலதிகாரி!" என்றார் வெண்டெல்.

"அதனாலதான் உங்களுக்குப் பெரிய துண்டா வெச்சிருக்கேன்."

அவருடைய நம்பிக்கை மனமார்ந்ததா என்று கேட்க வழியில்லை. கேட்கக் கூடாதென்று சட்டம் இருக்கிறதே. அந்தச் சட்டம் வேண்டுமென்று தலைநகருக்குப் பேருந்து பிடித்துப் போய் முழங்கியவரே வெண்டெல்தான்.

உள்வாசல் வழியாக என் நாற்காலிக்குப் பின்னால் வந்து குனிந்தார். "ராய்ஸ், தம்பி, அந்த உரிமத்த அப்படியே பின்வாசல் பக்கமா கொண்டுவந்து குடுத்துடேன்."

"விண்ணப்பிக்கிறவங்க ஜன்னல்ல நிக்கணும், சகோதரரே."

"சரி, மத்தியானம் எல்லாரும் சாப்பிடப் போனப்புறம் வர்றேன்."

"அப்போ நானும் சாப்பிடப் போயிடுவேனே. மனசாட்சிதான் இல்ல. வயிறு இருக்கு."

"அந்தப் பலகை மேல மட்டும் ஒரு துணி..."

பேரம் படிகிற மாதிரிதான் இருந்தது. பின்வாசலைப் பற்றிக் கேட்கிற ஆள் சாமானை ஏற்கெனவே வாங்கிவிட்டான் என்பது எங்கள் குடும்பத்தில் எல்லோருக்கும் தெரியும். ஆனால் அதற்குள் முன்பக்கமிருந்து ஒரு குரல் வந்தது.

"வெண்டெல்! நான் வரிசைல நின்னாச்சு. நீங்க வர்றீங்களா, இல்ல நான் மட்டும் தனியா கட்டிக்கவா?"

லோரீன் மூன்றாம் ஜன்னல் வரிசையில், சரியாகப் பலகைக்குக் கீழே நின்றிருந்தாள். கைப்பையை நெஞ்சோடு பிடித்திருந்தாள். குரல்தான் அதட்டியது, பையைப் பிடித்த விரல்கள் வெளுத்திருந்தன. அவளுக்கு முன்னால், கார்ப் பதிவைப் புதுப்பிக்க வந்த வெல்டாவும் ரூத்தானும்.

வெண்டெல் பின்வாசலைப் பார்த்தார். முன்கூடத்தைப் பார்த்தார். பிறகு தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, சுற்றி வந்து வரிசையில் நின்றார். கல்யாணத்துக்கு வேண்டியது சாட்சி. கூட வந்த மூப்பர்கள் இருவரும் அந்த நிமிஷமே மனசாட்சிகளாக மாறி வெளியே நழுவிவிட்டார்கள்.

"போகட்டும் விடுங்க," என்றாள் லோரீன். "சாட்சிய நாளைக்குப் பாத்துக்கலாம்."

வெல்டா திரும்பிப் பார்த்தாள். நான் முத்திரையைக் கீழே வைத்துவிட்டுக் காத்திருந்தேன்.

"வாங்க சகோதரரே. இந்த வரிசை சீக்கிரமா நகரும்," என்றாள் வெல்டா.

"நாளைக்குக் கல்யாணமாமே, கேள்விப்பட்டோம்," என்று ரூத்தான் ஒதுங்கி வழிவிட்டாள். "முன்னாடி போங்க. எங்க காரு எங்கயும் ஓடிடாது. தள்ளுனாலும் ஓடாது. டில்லார்ட் கடைல வாங்கினது."

வெண்டெல் தன் காலணிகளைப் பார்த்து நன்றி சொன்னார்.

ஜன்னலுக்கு வந்ததும் குரலைத் தாழ்த்தி, "ராய்ஸ், உனக்கு... ஆட்சேபணை ஒண்ணும் இல்லையே?" என்று கேட்டார். அந்த ஜன்னலில் அதுவரை யாரும் என்னிடம் கேட்காத கேள்வி.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இருந்தது. அவர் முகத்தை அவ்வளவு கிட்டத்தில் பார்த்தபோது என் உள்ளுக்குள் ஏதோ ஒன்று மெதுவாக, மிகவும் பக்தியோடு முணுமுணுத்தது: "இந்த ஆளைத் திருப்பி அனுப்பு. ஏன் என்று யாரும் கேட்க முடியாது." எனக்கு வியர்த்துவிட்டது. ஆனால் எங்கள் கவுண்டியில் இத்தனை காலமாக மனசாட்சி என்ற பெயரில் பேசியதெல்லாம் இதே குரல்தான் என்பதால் உடனே அடையாளம் கண்டுகொண்டேன்.

வாரியத்தின் ஏகமனதான தீர்மானப்படி எனக்கு அது கிடையாது. முத்திரையை எடுத்துக் குத்தினேன்.