திருப்புளி அண்ணையும் என் முழங்காற் சில்லும்

திருகோணமலைத் துறைமுகக் கரையில் திருப்புளி அண்ணையின் கையில் அகப்படாத முழங்கால்கள், ஊருக்குள் திரிகிற மான்களுடையவை மட்டும்தான். அவைகூட ஓடத் தெரிந்ததால் தப்பினவை.

அவருடைய தொழில் படகு இஞ்சின் திருத்துவது. திருகாணி முடுக்கும் திருப்புளியின் நுனியை ஓடுகிற இஞ்சினில் வைத்து, பிடியைக் காதோடு ஒட்டி, கண்ணை மூடிக் கேட்பார். "பேரிங் தேஞ்சு போட்டுது" என்பார். அதோடு நின்றிருக்கலாம். ஒருநாள் இறக்கக்கண்டியிலிருந்து இஞ்சினோடு வந்த படகுச் சம்மாட்டி ஒருவர் முழங்கால் நோவென்று முனக, பழக்கதோஷத்தில் அண்ணை திருப்புளியை அவருடைய முழங்காற் சில்லில் வைத்துவிட்டார். "இதுவும் பேரிங்தான்." அன்று பிடித்தது கரைக்குச் சனி.

அவருடைய வைத்திய சாஸ்திரம் மிகச் சுருக்கம்: முழங்கால் நோவு வருவது வயதுக்கும் வயிற்றுக்கும் மட்டும். நெட்போல் விளையாடுகிற, ஈர்க்கில் மாதிரி ஒரு பள்ளிக்கூடப் பிள்ளை, படி இறங்க நோகுதென்று வந்தபோது, "உனக்கு வர ஏலாது பிள்ளை, நீ புது இஞ்சின்" என்று அனுப்பிவிட்டார். நோவு அவரிடம் அனுமதி கேட்கவில்லை. பிள்ளையோடு வீட்டுக்குப் போனது.

அடுத்தது நான். மகளுக்குக் கலியாணம். தாரைவார்க்கும்போது பெண்ணின் தகப்பன் சம்மாணங்கொட்டி நிலத்தில் இருக்கவேண்டும். முக்கியமாக, பிறகு எழும்பவும் வேண்டும். "உங்கட வயிறு மணவறையில தனியா ஒரு இடம் கேக்கும்" என்றாள் மனைவி. ரோசம் வந்து, அடுத்த நாள் காலையே கோணேசர் கோயில் ஏற்றத்தில் ஓடத் தொடங்கினேன். பஸ் பிடிக்கக்கூட ஓடாத மனிதன். சில கிழமைக்குள் சில்லுக்குப் பின்னால் குத்தத் தொடங்கியது. படி இறங்கினால் நோவு. இருந்து எழும்பினால் 'கறக்'.

திருப்புளி அண்ணை வைத்துக் கேட்டார். மூடிய கண்ணைத் திறக்கவே மாட்டேன் என்றார்.

"தம்பி, சில்லு முடிஞ்சுது. நிலத்தில இருந்தா எழும்ப ஏலாது."

"அண்ணை, கலியாணம்..."

"ஹாபரில கிறேன் கிடக்கு. கேட்டுப் பாப்பம்."

கரை முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன், வீட்டுக்கு வந்து வியர்த்தேன். ஐயருக்குப் போன் எடுத்து, கதிரையில் இருந்து தாரைவார்க்கலாமா என்று கேட்டேன். "செய்யலாம். ஆனா ஆஸ்பத்திரியில இருந்து களவா வந்திட்டீங்களெண்டு சம்பந்தி வீட்டார் நினைப்பினம்." குசினித் தரையில் இருந்து எழும்பிப் பழகினேன். பிடித்து எழும்பிய அலுமாரிக் கதவு கையோடு வந்தது. அதைப் பார்த்துத்தான் மனைவி என்னைக் கிளினிக்குக்கு இழுத்துப்போனாள்.

டொக்டர் இளம்பிள்ளை. சில்லை அமத்திப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"அங்கிள், இது ஊரெல்லாம் இருக்கிற நோ. ஓடிப் பாய்ஞ்சு விளையாடுற பிள்ளையளுக்கு வரும், அதிலயும் பொம்பிளைப் பிள்ளையளுக்குக் கூட. முழங்காலில நிண்டு வேலை செய்யிற ஆக்களுக்கு வரும். சும்மா இருந்திட்டுத் திடீரெண்டு மலையேறுற ஆக்களுக்கும் வரும்." கடைசி வசனத்துக்கு மனைவி தலையாட்டினாள். "சில்லு முடியேல்லை. தொடையிலதான் பலமில்லை. இப்ப ஓடாதேங்கோ, நான் காட்டித்தாற பயிற்சியைச் செய்யுங்கோ. நோவு குறையும். சத்தம் மட்டும் வந்தா பயப்பிடாதேங்கோ."

வெளியே நீள மரவாங்கில் அந்த நெட்போல் பிள்ளை இருந்தது. பக்கத்தில் மாபிள் பதிக்கிற மேசன். அவருக்குப் பக்கத்தில், ஒரு காற்சட்டைக் காலை மட்டும் சுருட்டிவிட்டு, முகத்துக்கு நேரே பேப்பர் விரித்த ஒருவர். பேப்பரைப் பிடித்த விரல்களில் கிறீஸ்.

"அண்ணை?"

"பிறெஷர் பாக்க வந்தனான்."

"முழங்காலிலயோ?"

பேப்பர் மெல்ல இறங்கியது. வாழ்நாள் முழுக்கப் படகுக்குள் முழந்தாளில் நின்று இஞ்சின் கழற்றியவர்.

"கரையில கதைச்சிராதை தம்பி. பிறகு என்ர காதை ஒருத்தனும் நம்பமாட்டான்."

வாக்குக் கொடுத்தேன். அதைக் காப்பாற்றப் பட்ட பாட்டுக்குச் சில்லு நோவே பரவாயில்லை.

கலியாணத்தன்று அவர் என் பின்னால் வந்து நின்றார். கதிரை கொடுத்தும் இருக்கவில்லை. புதுச் சேட்டுப் பையில் திருப்புளி. தாரைவார்த்து முடிந்து, மேளம் ஓய்ந்த நேரம் பார்த்து ஐயர், "எழும்புங்கோ" என்றார். அண்ணையின் கை என் கமக்கட்டுக்குள் வந்தது. எழும்பினேன். டொக்டரின் பயிற்சி செய்த புண்ணியத்தில் நோவு இல்லை. ஆனால் மண்டபம் கேட்க ஒரு 'கறக்'.

சம்பந்தி வீட்டார் திரும்பிப் பார்த்தார்கள். கரைச் சனமும் சிரிக்கத் தயாராக வாயைத் திறந்தது.

"அது என்ர முழங்கால்," என்றார் திருப்புளி அண்ணை, உரக்க. "கனகாலமா வருத்தம்."

அந்தக் 'கறக்' யாருடையதென்று இன்றுவரை அவர் ஒருவரிடமும் சொல்லவில்லை.