பால் காய்ச்சுக்குப் பிந்தி வந்த பிக்கப்

சுருளிப்பட்டி,
மாசி 3.

அல்லிநகரத்தில் புது வீடு கட்டிக் குடியேறியிருக்கும் மதிப்பிற்குரிய சம்பந்தி ஈஸ்வரபாண்டி அவர்களுக்கு, உங்கள் மருமகள் ஹேமாவதியைப் பெற்ற சுருளியாண்டி கைகூப்பி எழுதுவது. இங்கே நானும் கஸ்தூரியும் நலம், பந்தலில் திராட்சையும் நலம். அங்கே நீங்களும் தங்கச்சி மாரீஸ்வரியும் மாப்பிள்ளை விஜய்பாண்டியும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நம்பத்தான் வேண்டியிருக்கிறது, பதினோரு தடவை போன் அடித்தும் நீங்கள் எடுக்கவில்லை. "மாமா கோவமா இருக்காகப்பா. வேணுமின்னேதேன் சீரப் பிந்திக் கொண்டாந்தீகன்னு சொல்றாக. எங்கிட்டயும் மூணு நாளாப் பேசல" என்று ஹேமா அழுதாள். போனென்றால் பாதியில் வைத்துவிடுவீர்கள். கடிதத்தைப் பாதியில் வைத்தாலும் மீதி அங்கேயே இருக்கும் என்பதால் எழுதுகிறேன்.

சம்பந்தி, நான் வேண்டுமென்று பிந்தவில்லை. எல்லாம் என் பிக்கப் வண்டி செய்த வேலை. ஐப்பசி கடைசியிலிருந்தே அதற்கு ஒரு வியாதி. சாவியைத் திருப்பினால் சில நாள் முதல் தடவையிலேயே உறுமும். சில நாள் விளக்கு எரியும், ஹாரன் அடிக்கும், ஸ்டார்ட்டர் மட்டும் மூச்சு விடாது. கம்பத்தில் மெக்கானிக் அம்மாவாசிக்குச் சொல்லி அனுப்பினேன். மனிதர் கெட்டிக்காரர், தங்கமானவர். வந்ததும் டிரைவர் காலடியில் கிடக்கும் கால்மிதியை உருவித் தரையில் விரித்து, அதில் மல்லாந்து படுத்து, வண்டிக்கு அடியில் அரைமணி நேரம் எதையெதையோ தட்டிப் பார்த்துவிட்டு எழுந்து சாவியைத் திருப்பினார். எடுத்துக்கொண்டது! "எங்கனய்யா கோளாறு? கும்முன்னு எடுக்குதே?" என்றார். கால்மிதியைத் தட்டிப் பழையபடி போட்டுவிட்டுப் போனார். நாலு நாள் நன்றாக ஓடியது, ஐந்தாம் நாள் காய்கறிச் சந்தை வாசலில் மறுபடி ஊமையாகிவிட்டது. மறுபடி வந்தார், மறுபடி படுத்தார், மறுபடி எடுத்தது. பேட்டரி வயரை மாற்றினார், ரிலேயை மாற்றினார், ஸ்டார்ட்டரைக் கழற்றி உள்ளே கார்பன் புதிதாகப் போட்டார். அவர் முன்னால் மட்டும் ஒரு தடவைகூட அது மக்கர் பண்ணவில்லை. நாலாம் தடவை கஸ்தூரியைத் தனியாகக் கூப்பிட்டு, "அய்யாவுக்குத் தூக்கமெல்லாம் ஒழுங்கா வருதாம்மா?" என்று விசாரித்திருக்கிறார்.

இந்த நிலைமையில்தான் உங்கள் வீட்டுப் பால் காய்ச்சு வந்தது. ஒன்பது மணி முகூர்த்தத்துக்கு ஆறு மணிக்கே கிளம்பிவிட்டேன் சம்பந்தி. பின்னால் குத்துவிளக்கு, பித்தளை அண்டா, வாழைத்தார், திராட்சைக் கூடை, அதோடு பட்டு வேட்டியும் பட்டுச் சேலையுமாக என் அக்கா வகையறா எட்டுப் பேர். சின்னமனூரில் மாலை வாங்க நிறுத்தினேன். அவ்வளவுதான், ஊமையாகிவிட்டது. அம்மாவாசிக்குப் போன் போட்டால் அவர் ஏதோ கல்யாணத்தில் இருந்தார், மேளச் சத்தம் மட்டும் கேட்டது. டீக்கடையில் நின்ற ஒருவர் ஸ்டார்ட்டரைக் கம்பியால் தட்டச் சொன்னார், தட்டினேன். இன்னொருவர் எலுமிச்சம்பழம் வைக்கச் சொன்னார், வைத்தேன். பஸ்ஸில் போயிருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். இதோ எடுத்துவிடும், இதோ எடுத்துவிடும் என்று முந்நூறு தடவை சாவியைத் திருப்பியதில் மணி பத்தாகிவிட்டது. கடைசியில் எட்டுப் பேரும் இறங்கிக் கடைவீதியில் வண்டியைத் தள்ளினார்கள். பட்டும் மாலையும் அண்டாவுமாகப் போவதைப் பார்த்து ஏதோ சாமி ஊர்வலம் என்று இரண்டு பேர் கும்பிட்டார்கள். வண்டி எடுத்தது. வீரபாண்டி தாண்டியதும் அக்காவுக்குக் குமட்டுகிறது என்றார்கள், ஓரம் கட்டினேன். "இஞ்சின அமத்திராத, அமத்திராத!" என்று பின்னாலிருந்து எல்லாரும் ஒரே நேரத்தில் கத்தியதில் பதறி, சாவியை அமத்திவிட்டேன்.

நாங்கள் வந்து சேர்ந்தபோது கடைசிப் பந்தியில் ரசம் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். "இப்பத்தேன் விடிஞ்சுச்சாக்கும் சுருளிப்பட்டியில?" என்று தங்கச்சி மாரீஸ்வரி கேட்டதைக்கூடத் தாங்கிக்கொண்டேன். நீங்கள் சீர்த் தட்டைக் கையில் வாங்காமல், "அங்கன வைங்க" என்று மூலையைக் காட்டினீர்களே, அதில் நான் ஒடுங்கிப்போனேன். பெண்ணைக் கொடுத்த இடத்தில் ஒரு தகப்பன் அப்படி நிற்கக்கூடாது.

மறுநாளே அம்மாவாசியைப் பிடித்து உட்காரவைத்தேன். அவர் ஒரு யோசனை சொன்னார். "நான் தொட்டா அதுக்குக் குஷி வந்துருதய்யா. இன்னைக்குத் தொட மாட்டேன். நீங்க ஓட்டுங்க, நான் பக்கத்துல சும்மா வாரேன்." குமுளி வரை ஏறி, திரும்ப மலை இறங்கி, லோயர் கேம்பில் நிறுத்திச் சாவியைத் திருப்பினேன். சத்தமே இல்லை! "போச்சய்யா, போச்சு!" என்று அம்மாவாசி கூத்தாடினார். நான் பைத்தியம் இல்லையென்று நிரூபணமான சந்தோஷத்தில் அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். பிறகு அவர் வழக்கப்படி கால்மிதியை உருவி விரித்து அடியில் படுத்தார். "இப்ப அடிங்க" என்றார். எடுத்துவிட்டது. "நான் இன்னும் எதையுமே தொடலையேய்யா, படுக்கத்தான செஞ்சேன்?" என்று எழுந்து வந்தவர் கால்மிதியையும் வண்டியையும் மாறி மாறிப் பார்த்தார். அதை உள்ளே போட்டு முன்னால் தள்ளினார், எடுக்கவில்லை. உருவினார், எடுத்தது. விஷயம் இதுதான் சம்பந்தி: இந்த வண்டியில் கிளட்சை அடிவரை மிதித்தால்தான் ஸ்டார்ட்டருக்குக் கரண்டு போகுமாம். கனமான கால்மிதி, பிரேக் போடப் போட முன்னால் நகர்ந்து கிளட்சுக்கு அடியில் சுருண்டு, அதை முழுசாக இறங்கவிடாமல் தாங்கிக்கொண்டிருந்திருக்கிறது. அம்மாவாசி வந்தபோதெல்லாம் கோளாறைத் தரையில் விரித்து அதன் மேலேயே படுத்துக்கொண்டு, கோளாறைத் தேடியிருக்கிறார்.

இதோடு முடித்துக்கொள்ளலாம். ஆனால் ஒன்றை மறைத்தால் மனசு கேட்காது. அந்தப் பச்சைக் கால்மிதி, தீபாவளிக்கு உங்கள் தேனி வண்டிச் சாமான் கடையிலிருந்து நீங்கள் பிரியமாகக் கொடுத்தனுப்பியது. நான் யாரையும் குறை சொல்லவில்லை. கடையில் அத்தனை சரக்கு இருக்கும்போது, என் வண்டிக்கு எந்த அளவு பொருந்தும் என்று பார்க்க உங்களுக்கு எங்கே நேரம்? உங்கள் முகூர்த்தத்தை உங்கள் சரக்கே தடுத்திருக்கிறது என்பதை மட்டும் பணிவோடு சொல்லி, யார் யார் மேல் கோபப்பட வேண்டும் என்பதை உங்கள் பெரிய மனதுக்கே விட்டுவிடுகிறேன். ஹேமாவிடம் மட்டும் இன்றே பேசிவிடுங்கள்.

புது வீட்டில் காய்ச்சிய பால் போல உங்கள் குடும்பம் பொங்கி நிறைய வேண்டும். மாப்பிள்ளைக்கு ஆசி, தங்கச்சிக்கு அன்பு.

இப்படிக்கு,
உங்களை முழுமனதாக மன்னித்துவிட்ட
சுருளியாண்டி

பின்குறிப்பு: உறையை ஒட்டப் பசை கேட்டு உள்ளே போனேன். என்ன கடிதம் என்று கஸ்தூரி கேட்டாள், படித்துக் காட்டினேன். தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டாள். "சம்மந்தி குடுத்ததக் கால்ல போட்டு மிதிக்கலாமாக்கும்? அத நான் பிரிக்காம பீரோ மேல வச்சிருக்கேன். வண்டியில கெடக்குறது நான் ரோட்டோரத்துல வாங்குனது" என்கிறாள். ஆகவே கடைசிப் பக்கத்தில் உங்களைப் பற்றி எழுதியதைப் படிக்காமல் விட்டுவிடவும். படித்திருந்தால் மறந்துவிடவும், மறுபடி எழுதத் தாள் இல்லை. வெள்ளிக்கிழமை காலை நேரில் வந்து மன்னிப்புக் கேட்கிறோம். உங்கள் மனம் நோகக்கூடாதென்று, நீங்கள் கொடுத்த கால்மிதியை இன்றைக்கே பிரித்து வண்டியில் போட்டுவிட்டேன். பழையதைவிடக் கனம். பத்து மணிக்குள் நாங்கள் வராவிட்டால், கோபப்படாமல் நாலு ஆட்களோடு சின்னமனூர் வரை வரவும்.