பருப்பு உனக்கு, தோலு எனக்கு

வேர்க்கடலையை, எங்கள் ஊர்ப் பேச்சில் மல்லாட்டையை, உரித்துப் பருப்பைப் பக்கத்தில் இருப்பவருக்குக் கொடுத்துவிட்டுத் தோலைத் தான் வைத்துக்கொள்ளும் மனிதர் இந்தப் பூமியில் ஒருவர்தான். அவர் விருத்தாசலத்தில், என் பீங்கான் பட்டறைக்கு இரண்டு கொட்டகை தள்ளி இருக்கிறார். வீட்டில் வைத்த பெயர் ரேஷன் கார்டுக்குத்தான் தெரியும். ஊருக்கு அவர் தோல் அண்ணன்.

மல்லாட்டைத் தோல், கரும்பின் காய்ந்த இலையான சோகை, உமி எல்லாவற்றையும் அரைத்து, மிஷினில் அமுக்கி, விறகுக்குப் பதிலாக எரிக்கும் உருளைக் கட்டிகளாக ஆக்குவது அவர் தொழில். வந்திறங்கும் தோலில் ஈரம் இருக்கிறதா என்று பார்க்க மீட்டர் கிடையாது. ஒரு பிடி எடுத்துக் காதோரம் வைத்து நொறுக்குவார். மொறுமொறுவென்று கேட்டால் இறக்கலாம், கேட்காவிட்டால் டிராக்டர் திரும்ப வேண்டியதுதான்.

மங்கலம்பேட்டை டிரைவர் ஒருவர் கடுப்பாகி, "யாருங்க அந்தப் பக்கம் பேசுறது?" என்று கேட்டார்.

"உங்க மொதலாளிதான். ஈரத்தோட ஏத்திவுட்டேன், மன்னிச்சுக்கன்னு சொல்றாரு" என்றார் அண்ணன்.

வயலில் புகை எழுந்தால் ஊரே மூக்கைப் பொத்தும். அண்ணன் மட்டும் டிவிஎஸ் ஃபிப்டியில் புகையை நோக்கிப் பறப்பார். சோகையைக் கொளுத்துகிறவர்களிடம் மல்லுக்கு நிற்பார். ஒருமுறை சேத்தியாத்தோப்பு ரோட்டோரம் புகையைப் பார்த்து, "ஐயோ, கொளுத்தாதீங்க!" என்று அலறிக்கொண்டே ஓடினார். போய்ப் பார்த்தால் சுடுகாடு. செத்தவரின் மகன், "அப்பா மேல இவ்ளோ பாசமா!" என்று அவரைக் கட்டிக்கொண்டு அழுதான். அண்ணனும் வேறு வழியில்லாமல் கூடவே அழுது, குளித்துவிட்டு வந்தார்.

அப்போது எனக்கு அவர் மேல் பெரிய மதிப்பு ஒன்றும் இல்லை. என் பட்டறையின் உலர்த்தும் அறை அடுப்புக்குக் கட்டி போட்டுப் பார்க்கச் சொல்லி ஒருநாள் வந்தார். எனக்கு வாய் கொஞ்சம் நீளம்.

"குப்பைய எரிச்சு வெளக்கு செய்யிற அளவுக்கு எனக்கு இன்னும் கிறுக்குப் புடிக்கலண்ணே."

சிரித்துவிட்டுப் போய்விட்டார்.

போன கார்த்திகைக்கு முன்னால் பிடித்தது பாருங்கள் ஒரு மழை! கார்த்திகைக்கான பீங்கான் அகல் விளக்குகள், என் முதல் பெரிய ஆர்டர், தட்டுத் தட்டாக ஈரத்தோடு நின்றன. பொதுச் சூளையில் எனக்கு முறை மூன்றாம் நாள். ஈரத்தோடு சூளையில் வைத்தால் வெடிக்கும். முறையை விட்டால் கார்த்திகை போய்விடும், அப்புறம் அகலை யார் வாங்குவார்கள்? விறகு ஊறிப்போய் வெறும் புகையாகக் கக்கியது.

மானத்தை மடியில் கட்டிக்கொண்டு அண்ணன் வீட்டுக்குப் போனேன். ஒழுகும் மிஷின் கொட்டகையில் கட்டில், பீரோ, டிவி. நடுவில் அவர் மனைவி குடையைப் பிடித்துக்கொண்டு குழம்பு வைத்துக்கொண்டிருந்தார்.

"என்னா அண்ணி இது? வூட்டுக்கு என்னா ஆச்சு?"

"வூட்டுல கட்டி இருக்குது. மனுசங்க நனைஞ்சா தொவட்டிக்கலாமாம், கட்டி நனைஞ்சா தூளாப் பூடுமாம்!"

அண்ணனிடம் விஷயத்தைச் சொன்னேன். பழைய பேச்சைக் குத்திக்காட்டவில்லை. "எத்தினி மூட்டை வேணும் தங்கச்சி?" என்றார், அவ்வளவுதான். மூட்டைக்கு ரெயின்கோட் மாட்டி, தான் தொப்பலாக நனைந்து, நடை நடையாகக் கொண்டுவந்தார். இரண்டு நாள் அடுப்படியை விட்டு நகரவில்லை.

மூன்றாம் நாள் காலை நான் தட்டுகளை ஏற்றக் கிளம்பினேன். அண்ணன் ஓர் அகலைக் காதோரம் வைத்துச் சுண்டினார்.

"இன்னும் காயல. மதியம் வரைக்கும் வுடு."

"முறை போயிடும்ணே! வழிய வுடுங்க!"

வாசலில் குறுக்கே உட்கார்ந்துவிட்டார். வாய்க்கு வந்தபடி திட்டினேன். மதியம்தான் எழுந்தார். சூளைக்குள் போகும் கடைசித் தள்ளுவண்டியில் ஏற்றினோம்.

ஒன்றுகூட வெடிக்கவில்லை. அண்ணன் வந்து, "ஒடைஞ்சது எதுனா இருக்குதா?" என்று ஆசையாகக் கேட்டார். இல்லை என்றதும் முகம் சுருங்கிவிட்டது. "சரி, சாம்பலையாவது குடு" என்று வாங்கிப் போனார்.

அண்ணிக்கு அகல் கொடுக்கப் போனபோதுதான் தெரிந்தது. அந்தக் கட்டி பெண்ணாடம் பக்கம் ஓர் அரிசி மில் பாய்லரில் எரித்துக் காட்ட வைத்திருந்ததாம். இரண்டு வருடம் நடந்து வாங்கிய தேதி. சொன்ன நாளில் போகாததால், இனி வராதீர்கள் என்றுவிட்டார்களாம். எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன.

"ஏண்ணே என்கிட்ட சொல்லல?"

"சொன்னா நீ வாங்கியிருக்க மாட்ட. மில்லு அங்கதான் இருக்கும். கார்த்திகை நிக்குமா?"

நேற்று அவரை இழுத்துக்கொண்டு அந்த மில்லுக்குப் போனேன். கையில், அவர் கட்டியின் சூட்டில் காய்ந்த என் அகல் ஒன்று. முதலாளி இல்லை, போங்கள் என்றார்கள். வாசல்படியில் குறுக்கே உட்கார்ந்தேன். அந்த வித்தை யாரிடம் கற்றது என்று சொல்ல வேண்டுமா? அண்ணன் சங்கடத்தோடு பக்கத்தில் உட்கார்ந்து, சட்டைப்பையிலிருந்து மல்லாட்டையை எடுத்து உரித்து, வழக்கம்போல் பருப்பை என்னிடம் நீட்டினார்.

"அத நீ தின்னுண்ணே" என்றேன். "தோல நான் வச்சிருக்கேன்."