லாரி நேரத்துக்கு வருகிறது

தண்ணி லாரி தினமும் சரியாக ஆறு மணிக்கு வந்துவிடுகிறது என்பதுதான் புகார்.

சாந்தோம் வீட்டில் உட்கார்ந்து வில்லியம் தனியாளாக உருவாக்கிய மொபைல் கேம் 'குடம்'. வரிசையில் குடம் வைக்க வேண்டும், லாரி வந்ததும் பிடிக்க வேண்டும், அவ்வளவுதான். போன மாதம் ஊரே ஆடியது. இப்போது ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டிருந்தார்கள். "இது தண்ணி லாரியா, ஸ்கூல் பஸ்ஸா?" என்று ஒருவர் ஒற்றை ஸ்டார் போட்டிருந்தார்.

வில்லியம் அப்டேட் விட்டான். கேமில் லாரி ஒரு மணி நேரம் தாமதம். ஐந்து ஸ்டார்களாகக் கொட்டியது.

மறுவாரம் அவன் மனைவி ஜெசிந்தா காலிக் குடங்களோடு திரும்பினாள்.

"மணி ஏழாகப் போவுது, நம்ம தெரு லாரிய இன்னும் காணோங்க. ஞாயித்துக்கெழம சர்ச்சுல பாப்பாவுக்குப் புதுநன்மை. அறுபது பேரு சாப்பிட வர்றாங்க, ஞாபகம் இருக்கா?"

"வந்துடும்மா. ஒரு அப்டேட் முடிச்சுட்டு வரேன்."

அந்த அப்டேட்டில் லாரி தெருக்கோடியில் போய் நின்றது. எல்லாரும் குடத்தோடு ஓட வேண்டும். "செம மச்சி! அப்படியே எங்க ஏரியா!" என்று உருகினார்கள்.

வியாழக்கிழமை ஜெசிந்தா மூச்சிரைக்க வந்தாள்.

"கோடில போய் நிக்கறான்! நான் ஓடறதுக்குள்ள எதிர்வீட்டு மேகலா மொத்தத்தையும் புடிச்சுட்டா."

வில்லியமுக்கு என்னவோ போலிருந்தது. புண்ணியமாகப் போகட்டும் என்று கேமில் லாரியைப் பழையபடி ஆறு மணிக்கே, வாசலுக்கே வரவழைத்தான். உடனே ஒற்றை ஸ்டார்கள் வந்து விழுந்தன.

"டெவலப்பர் தூங்கிட்டாரா?"

"லாரிக்காரன்கிட்ட காசு வாங்கிட்டியா நைனா?"

பயந்துபோய் அடுத்த அப்டேட் விட்டான். லாரி ஹாரன் அடித்துவிட்டு நிற்காமலே போகும். ரசிகர்கள் ஆனந்தக் கண்ணீர் விட்டார்கள்.

சனிக்கிழமை காலை தெருவில் ஹாரன் கேட்டது. லாரி நிற்கவில்லை.

"நாளைக்கு வர்றவங்களுக்கு உங்க லேப்டாப்பப் பிழிஞ்சு குடுக்கறேன், இருங்க" என்றாள் ஜெசிந்தா.

வில்லியம் லுங்கியோடு ஓடிப்போய் சிக்னலில் லாரியை மடக்கினான். டிரைவர் நூர் முஹம்மது தலையை வெளியே நீட்டினார்.

"ஏங்க, நிக்காம போறீங்களே, நியாயமா? போன மாசம் வரைக்கும் டான்னு ஆறு மணிக்கு வந்தீங்க!"

"எனுக்கு மட்டும் ஆசையா நைனா? தண்ணி லாரிய பத்தி ஜனங்க இன்னா எழுதறாங்கன்னு எங்க ஓனரு டெய்லி போன்ல படிச்சிக்கினே கீறாரு. ஒயுங்கா வந்தா திட்றாங்களாம். நிக்காம போனாத்தான் அஞ்சு ஸ்டார் குடுக்கறாங்களாம்!"