குருநாதனின் சம்சாரம்

"தனியாவா வந்திருக்கீங்க?"

"ஆமா."

சத்திரத்து மேனேஜர் கையில் எடுத்த சாவியை மறுபடியும் ஆணியில் மாட்டினார். "தனி ஆளுக்கு ரூம் கிடையாதுங்க."

"ஏன்?"

"கிடையாதுன்னா கிடையாதுங்க."

அன்றைக்கு ராமேஸ்வரத்தில் குருநாதனிடம் இப்படிச் சொன்ன மூன்றாவது ஆள் அவர்.

குருநாதன் பரமக்குடி ஸ்டேஷனில் டிக்கெட் கொடுக்கும் குமாஸ்தா. நாற்பதைத் தாண்டியும் கல்யாணம் ஆகவில்லை. வேண்டாம் என்று அவர் சொன்னதில்லை. வா என்று கூட்டிப்போய்ப் பெண் காட்ட ஆளில்லாமல் அது அப்படியே நின்றுபோயிற்று. கம்பிக்குப் பின்னால் உட்கார்ந்து அவர் ராமேஸ்வரத்துக்குக் கொடுத்த டிக்கெட்டுகளை அடுக்கினால் ஒரு கோபுரம் எழுப்பலாம். அந்த ரயிலில் ஒரு தடவைகூட ஏறியதில்லை. எடுக்காத லீவு வீணாகப் போகிறதே என்று ஸ்டேஷன் மாஸ்டர் விரட்டியதால்தான் கிளம்பினார். சாமியையும் பார்க்கலாம், ஆனால் கடலோரத்து ஊர் ஒன்றைத் தெருத் தெருவாக நடந்து பார்க்க வேண்டும் என்பதுதான் அவருடைய ஆசை.

தெருக்கள் நன்றாகத்தான் இருந்தன. பெட்டியைத் தூக்கிக்கொண்டே பார்க்க வேண்டியிருந்தது.

மேலத் தெருவில் ரூம் வாடகைக்கு விடும் சேதுலட்சுமியும் அதே கேள்வியைக் கேட்டாள். இந்தத் தடவை குருநாதனின் வாய் அவரைக் கேட்காமலே பதில் சொல்லிவிட்டது.

"சம்சாரம் சாயங்கால ரயில்ல வர்றா."

"அப்ப உள்ள வாங்க தம்பி. பேரென்ன?"

"குருநாதன்."

"உங்க பேரைக் கேக்கல. அவுக பேரு."

குருநாதன் மேலே பார்த்தார். கீழே பார்த்தார். வாசலில் ஒரு பூக்காரி கூடையை இறக்கி வைத்துச் செவ்வந்திப்பூ அளந்துகொண்டிருந்தாள்.

"செவ்வந்தி."

"நல்ல பேரு" என்றாள் சேதுலட்சுமி.

குருநாதனுக்கும் அப்படித்தான் தோன்றியது.

முகம் கழுவிக்கொண்டு வெளியே கிளம்பினார். சங்குக் கடைகளைப் பார்த்தார். அக்னி தீர்த்தக் கரையில் ஊர் ஊராக வந்த குடும்பங்கள் குளித்துக்கொண்டிருந்தன. ஒரு கூட்டத்தார், "கொஞ்சம் துணியப் பாத்துக்கங்க சார்" என்று மூட்டையை அவரிடம் ஒப்படைத்துவிட்டுத் தண்ணீரில் இறங்கினார்கள். குருநாதன் கண் இமைக்காமல் காவல் காத்தார். திரும்பி வந்தவர்கள் தலையைத் துவட்டியபடியே மூட்டையை எடுத்துக்கொண்டு போனார்கள். அன்றைக்கு அவரை நம்பி யாராவது எதையாவது ஒப்படைத்தது அது ஒன்றுதான்.

ரூமுக்குத் திரும்பினால் வாசலில் குதிரை வண்டி நின்றது.

"மஹ்மூது அண்ணன் வண்டி" என்றாள் சேதுலட்சுமி. "சம்சாரத்தக் கூட்டிட்டு வரணும்ல? போயிட்டு வாங்க."

ரயில் வந்தது. எல்லாரும் இறங்கினார்கள். மஹ்மூது ஒவ்வொரு பெட்டியாகத் தலையை நீட்டி, "செவ்வந்தியம்மா! செவ்வந்தியம்மா!" என்று கூப்பிட்டார். போர்ட்டர்களும் சேர்ந்துகொண்டார்கள். செவ்வந்தி என்ற பேருள்ள கிழவி ஒருத்தி கடைசிப் பெட்டியிலிருந்து நிஜமாகவே எட்டிப் பார்த்தபோது குருநாதனுக்கு வேர்த்துவிட்டது.

"ரயிலைத் தவற விட்டிருப்பா" என்றார்.

"காலை வண்டியில வந்துருவாக, இன்ஷா அல்லாஹ்" என்றார் மஹ்மூது.

காலை வண்டியிலும் வரவில்லை. குதிரையை அவிழ்க்காமல் அடுத்த ரயிலுக்கும் தயாராக நின்ற மஹ்மூதின் முகத்தைப் பார்த்ததும் குருநாதன் இன்னொரு பொய்யைத் தேடிப் பிடித்தார்.

"உண்மையைச் சொல்லிடறேன் பாய். அவ கோவிச்சுக்கிட்டு அவங்க அம்மா வீட்டுக்குப் போயிட்டா."

இதோடு விட்டுவிடுவார் என்று நினைத்தார். மஹ்மூது அவரைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, "ஏறுங்க" என்றார்.

"இல்ல பாய், நான் சும்மா நடந்து ஊரைப் பாக்கத்தான்…"

"நடக்கவெல்லாம் வேணாம். எங்கன போகணுமோ நான் கூட்டிட்டுப் போறேன். வாடகை வேணாம்."

மஹ்மூது தம் தெருவுக்கு அழைத்துப்போய் டீ வாங்கிக் கொடுத்தார். பிறகு மீனவர் குடியிருப்புக்கு ஓட்டினார். மணலில் உட்கார்ந்து கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தவரிடம் போய்க் காதோடு ஏதோ சொல்லிவிட்டு வந்தார். அவர் பெயர் வியாகுலம். குருநாதன் பேச்சுக் கொடுக்கலாமே என்று, "இங்க கடல் ஆழமா இருக்குமா?" என்று கேட்டார்.

வியாகுலம் வலையைக் கீழே வைத்தார். "எதுக்குக் கேக்குறீக?"

"சும்மாதான். தெரிஞ்சுக்கலாம்னு."

"ஆழமே கிடையாது. எந்திரிங்க, வீட்டுல மீன் குழம்பு கொதிக்குது. ஒரு வாய் சாப்புடுங்க."

வியாகுலத்தின் மனைவி அருள்மேரி, குருநாதன் போதும் போதும் என்று கையால் மறைத்தும் கேட்காமல் சோறு வைத்தாள். ஒரு வீட்டுக்குள் உட்கார்ந்து, இன்னொருவர் பரிமாறச் சாப்பிட்டு எத்தனை காலமாயிற்று என்று குருநாதன் யோசித்துப் பார்த்தார். நினைவுக்கு வரவில்லை.

சாப்பிட்டுக் கடற்கரைக்கு வந்ததும் காலை நனைக்கலாம் என்று தோன்றியது. செருப்பைக் கழற்றி, கடிகாரத்தையும் மூக்குக் கண்ணாடியையும் அதில் பத்திரமாக வைத்துவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினார். முழங்கால் நனைவதற்குள் வியாகுலம் தடதடவென்று ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டார்.

"நானும் வாரேன்."

"உங்களுக்கு வேலை இருக்குமே?"

"வேலை கிடக்கு."

இரண்டு பேரும் கைகோத்துக்கொண்டு புது மாப்பிள்ளையும் பெண்ணும் போல அலையில் நின்றார்கள். பரமக்குடியில் பக்கத்து ரூம்காரர் நல்லா இருக்கீங்களா என்றுகூடக் கேட்டதில்லை. இந்த ஊர்க்காரர்கள் மனசே தனி என்று குருநாதன் வியந்தார்.

ரூமுக்கு வந்தால் துணி காயப்போடும் கயிற்றைக் காணோம்.

"துவைக்கப் போட்டிருக்கேன் தம்பி" என்றாள் சேதுலட்சுமி.

"கயித்தையா?"

"அழுக்கா இருந்துச்சு. கதவுல தாழ்ப்பாளும் ரிப்பேரு, சும்மா சாத்திக்கங்க." பிறகு குரலைத் தணித்தாள். "மஹ்மூது அண்ணன் சொன்னாரு. அவுக அம்மா வீட்டு அட்ரஸைச் சொல்லுங்க. நானே தந்தி அடிச்சு வரவழைக்கிறேன்."

"தந்தியெல்லாம் வேணாங்க்கா."

"புருஷன் பொண்டாட்டிக்குள்ள இல்லாத சண்டையா? ஊரைச் சொல்லுங்க."

குருநாதனுக்கு ஊர் ஒன்றும் அகப்படவில்லை. "தந்தி அடிக்க முடியாதுக்கா" என்றார்.

"ஏன் முடியாது?"

"அவ இல்லக்கா. போய்ச் சேந்துட்டா."

நேற்று ரயிலில் வரவிருந்தவள், காலையில் கோபித்துக்கொண்டு போனவள், மத்தியானம் செத்துப்போய்விட்டாள். இப்போது திட்டு விழும், பெட்டி தெருவுக்குப் போகும் என்று குருநாதன் தலையைக் குனிந்துகொண்டார். குனிந்தவருக்கு அழுகை வந்துவிட்டது. யாருக்காக அழுகிறோம் என்று அவருக்கே விளங்கவில்லை. இல்லவே இல்லாத செவ்வந்தி, இத்தனை வருஷம் வந்திருக்கக் கூடிய ஏதோ ஒரு ரயிலில் வராமலே போய்விட்டாள் என்று நினைத்ததும் தேம்பல் நிற்கவில்லை.

சேதுலட்சுமி திட்டவில்லை. ஒரு கேள்வியும் கேட்கவில்லை. காப்பி கொண்டுவந்து வைத்துவிட்டு எதிரிலேயே உட்கார்ந்துகொண்டாள்.

"நல்லா அழுதுருங்க தம்பி" என்றாள்.

அன்றைக்கு ராத்திரி மஹ்மூது, குதிரைக்குக் கால் சரியில்லை என்று சொல்லி குருநாதனின் ரூம் வாசலிலேயே பாயை விரித்துப் படுத்துக்கொண்டார். மறுநாள் ஊருக்குக் கிளம்பிய குருநாதனை ஏற்றிக்கொண்டு அதே குதிரை ஸ்டேஷனுக்குப் பறந்தது.

வழியனுப்ப மஹ்மூது ஒருவர்தான் வருவார் என்று குருநாதன் நினைத்திருந்தார். பிளாட்பாரத்தில் சேதுலட்சுமி நின்றாள். வியாகுலம் நின்றார். அருள்மேரி கருவாட்டுப் பொட்டலத்தை ஜன்னல் வழியாகத் திணித்தாள். டீக்கடைக்காரர், பூக்காரி, இரண்டு போர்ட்டர்கள், முகம் தெரியாத இன்னும் எத்தனையோ பேர். கம்பிக்குப் பின்னால் இருந்துகொண்டு காலமெல்லாம் மற்றவர்களை மற்றவர்கள் வழியனுப்புவதைப் பார்த்தவர், ஒவ்வொரு முகமாகப் பார்த்துக் கும்பிட்டார்.

"உடம்பைப் பாத்துக்கங்க தம்பி" என்றாள் சேதுலட்சுமி.

"நீங்கல்லாம் எனக்கு…" என்று ஆரம்பித்தார். ரயில் நகர்ந்தது. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "அடுத்த வருஷமும் வாரேன்! கண்டிப்பா வாரேன்!" என்று கத்தினார்.

பிளாட்பாரம் முழுக்கப் பெருமூச்சு விட்ட மாதிரி இருந்தது. மஹ்மூது இரண்டு கைகளையும் உயர்த்திக் கூட்டத்தைப் பார்த்துச் சொன்னது, ஓடும் ரயிலிலும் குருநாதனுக்குத் தெளிவாகக் கேட்டது:

"அடுத்த வருஷம் வாரேன்னுட்டாருய்யா, இனிமே கடல்ல விழ மாட்டாரு, காவலுக்கு நின்னவுக எல்லாரும் அவுகவுக சோலியப் பாக்கப் போங்க!"