அருமை ஐயா

இணையத்தில் ஓர் இனம் பெருகிக் கிடக்கிறது. பெயர் 'அருமை ஐயா'. தேடி அலைய வேண்டாம். வயதானவர்கள் கவிதை, ஓவியம், பாட்டு என்று மனம்விட்டுப் பகிர்ந்துகொள்ளும் எந்தக் குழுவை எட்டிப் பார்த்தாலும் முதல் பின்னூட்டமாக இவரே உட்கார்ந்திருப்பார்.

எனக்குத் தெரிந்த அருமை ஐயா, தலைமை எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். அலுவலகத்தில் கோப்பைப் பிரிக்காமலே கையெழுத்துப் போட்டுப் பழகிய அதே கை, இப்போது சாய்வு நாற்காலியில் கிடந்தபடி, கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு, கவிதைக்கு ஓர் அருமை, பேரனின் பல் விழுந்த படத்துக்கு ஓர் அருமை, மூட்டுவலிப் புலம்பலுக்கும் ஓர் அருமை என்று வாரி இறைத்துக்கொண்டே போகிறது. கண்ணாடி எதற்கு? படிக்கவா போகிறார்! 'அ' என்று தட்டினாலே கைப்பேசி மிச்சத்தைப் போட்டுவிடுகிறது. ஒருமுறை ஓர் அம்மா, தன் கணவர் காலமான செய்தியைக் குழுவில் போட்டார். "அருமை. தொடருங்கள்" என்றார் இவர். எதையய்யா தொடர்வது?

இவருடைய மனைவியும் அதே குழுவில்தான் இருக்கிறார், 'ஜன்னலோரம்' என்ற புனைபெயரில். பிள்ளைகள் கிளம்பிப் போன வீட்டில் பேச ஆளில்லாமல் எழுத ஆரம்பித்தவர். முகம் தெரியாத ஓய்வுபெற்ற நர்ஸ் ஒருத்தி வரிவரியாகப் படித்து, "அக்கா, கடைசி வரி வேண்டாமே, அதுக்கு முன்னாடியே அழுதுட்டேன்" என்று எழுதிய அன்று, அந்த அம்மாளுக்குக் கால் தரையில் பாவவில்லை. ஆனாலும் ஆசை யாரை விட்டது? கட்டிய மனுஷன் ஒரு தடவை படிக்க வேண்டாமா?

"என்னங்க, ஒண்ணு எழுதியிருக்கேன். வாசிச்சுக் காட்டட்டுமா?"

"அப்புறம் பாக்கலாம்மா. குழுவுல எத்தனை பேர் என் கருத்துக்காகக் காத்துக்கிட்டிருக்காங்க தெரியுமா?"

காத்திருந்தார்களாம்! ஒருவரும் காத்திருக்கவில்லை, பக்கத்தில் நின்றவளைத் தவிர. அந்த அம்மாள் உள்ளே போய், எழுதியதை அழித்துவிட்டு வேறொன்றை எழுதிக் குழுவில் போட்டார்:

'அடுத்த அறையிலிருந்து எழுதுகிறேன். தலைமை எழுத்தரே, உங்கள் கண்ணாடி நெற்றியில் இருக்கிறது. கீழே இறக்கினால் நான் தெரிவேன். உங்களோடு பேச வேண்டும் போலிருக்கிறது.'

கூடத்தில் கைப்பேசி சிணுங்கியது. நாற்காலி கிறீச்சிட்டது. எழுந்து வருகிறாரோ என்று அந்த அம்மாள் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். கதவு திறக்கவில்லை. பின்னூட்டம்தான் வந்தது.

'அருமை சகோதரி! தங்கள் கணவர் கொடுத்து வைத்தவர். தொடருங்கள்.'

அந்த அம்மாள் கீழே பதில் போட்டார்: 'நன்றி அண்ணா.'

அதற்கும் ஓர் இதயம் போட்டார் மகானுபாவர். அன்றிலிருந்து அந்த அம்மாள் எதையும் வாசித்துக் காட்டட்டுமா என்று அவரிடம் கேட்பதில்லை. சாயங்காலமானால் கதவைச் சாத்திக்கொண்டு நர்ஸோடு பேசிச் சிரிக்கிறார். "இந்த வயசுல யார்கூடத்தான் அப்படி என்ன பேச்சோ!" என்று நம்மவர் அலுத்துக்கொள்கிறார்.

நீங்களும் சிரித்தீர்கள்தானே? நல்லது. இதற்குக் கீழேயும் 'அருமை' என்று தட்டக் கட்டைவிரல் கிளம்பியிருக்குமே, அதைக் கொஞ்சம் நிறுத்தி, உங்கள் கண்ணாடி எங்கே இருக்கிறது என்று தொட்டுப் பாருங்கள். அப்படியே அடுத்த அறையில் இருப்பவர் எந்தப் பெயரில் எழுதுகிறார் என்றும் விசாரித்துக்கொள்ளுங்கள். நீங்கள் அவருக்கு இந்நேரம் அண்ணனாகியிருக்கலாம்.