ஒட்டகத்துக்குப் போன கம்பளி

எங்கள் திருப்பூர்ப் பக்கத்தில் யாராவது எதையாவது நீட்டினால் உடனே வாங்கிக்கொள்ளக் கூடாது. "வேண்டாங்க" என்று சொல்ல வேண்டும். மறுபடி கேட்பார்கள். மறுபடியும் "வேண்டாங்க". மூன்றாம் தடவை செல்லமாக அதட்டுவார்கள். அப்போது வாங்கிக்கொள்வதுதான் மரியாதை. உலகம் முழுக்க இதே வழக்கம் என்றுதான் வாலிப வயதில் நம்பியிருந்தேன். (ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவனுக்கு வேறு யார் சொல்வது?)

அறுபதுகளில் ஒரு பனியன் கம்பெனியில் பேக்கிங் வேலை பார்த்தேன். ஊர் ஊராக ஆர்டர் பிடிக்கப் போகும் சுப்பண்ணன், மூட்டை தூக்க என்னை ராஜஸ்தானுக்குக் கூட்டிப்போனார். அவருக்கு இந்தி தெரியும். எனக்கு நாலு பேர் முன்னால் தமிழே வராது.

"இந்த சேட்டு ஆர்டர் கெடைக்காட்டி முதலாளி நம்ம ரெண்டு பேரையும் ஊட்டுக்கு அனுப்பிருவாரு மயிலு. சாம்பிள் பனியன் கட்டை மட்டும் கைய உட்டு எறக்காதே" என்று ரயிலேறும்போதே சொல்லிவிட்டார்.

போய்ச் சேர்ந்த அன்று சேட்டுக்கு வேறு வேலை. "மணல்மேட்டைப் பாக்கோணுமுங்கண்ணா" என்று சுப்பண்ணன் காதில் நான் முணுமுணுத்ததை அவர் சேட்டிடம் இந்தியில் போட்டுடைத்தார். சேட்டுக்கு ஒரே சந்தோஷம். தன் ஒட்டகக்காரரோடு எங்களை அனுப்பினார். இரவு அங்கேயே தங்குங்கள், காலையில் டீயோடு வந்து அங்கேயே சாம்பிள் பார்க்கிறேன் என்றார்.

எங்கள் நொய்யல் ஆற்று மணலில் கல்லும் சிப்பியும் கிடக்கும். இதுவோ சலித்த மாவு. முகட்டில் காற்று பட்டு மணல் புகையாகப் பறந்தது. பறக்கிற மணல் எங்கே போய் நிற்கும்? இந்த மேடு நாளைக்கும் இங்கேயே இருக்குமா? ஒரு வண்டு நடந்துபோன தடம் மிஷின் தையல் போலவே ஓடியது. மேலே சூடாக இருந்த மணல், ஒரு சாண் தோண்டினால் சில்லென்றது. ஒட்டகக்காரரிடம் கேட்க இந்தி இல்லை; சுப்பண்ணனிடம் கேட்கத் தைரியம் இல்லை. அள்ளி அள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இருட்டியதும் குளிரத் தொடங்கியது. ஒட்டகக்காரர் இரண்டு கம்பளிகள் கொண்டுவந்தார். சுப்பண்ணன் ஒன்றை வெடுக்கென்று வாங்கித் தலையோடு போர்த்திக்கொண்டார். இன்னொன்று என்னிடம் நீண்டது.

"வேண்டாங்க" என்று கையை ஆட்டிவிட்டு, இரண்டாம் தடவைக்காகக் காத்திருந்தேன்.

அவர் தலையாட்டிவிட்டுப் போய், அதை ஒட்டகத்தின் முதுகில் போர்த்திவிட்டார்.

வானத்தில் அத்தனை நட்சத்திரங்கள். நிம்மதியாகப் பார்க்க விடாமல் பல் தந்தியடித்தது. ஒட்டகம் என் கம்பளிக்குள் சொகுசாக அசைபோட்டபடி என்னையே பார்த்தது. மெதுவாக ஒரு முனையைப் பிடித்து இழுத்தேன். அது கழுத்தைத் திருப்பிற்று. அதனிடமும் "வேண்டாங்க" என்று சொல்லிவிட்டுத் திரும்பினேன்.

கையில் சாம்பிள் கட்டு இருந்தது.

விடிந்ததும் சேட்டு இரண்டு தம்பிகளோடும் டீயோடும் வந்துவிட்டார். சுப்பண்ணன் நெஞ்சை நிமிர்த்தினார்.

"மயிலு, சாம்பிளை எடு."

"போட்டிருக்கறனுங்க."

"எதையப்பா போட்டிருக்கறே?"

"எல்லாத்தையுமுங்க."

சின்ன சைஸ் உள்ளே, பெரிய சைஸ் வெளியே. (பேக்கிங்காரன், வரிசை தப்பவில்லை.) கை இரண்டும் உடம்போடு ஒட்டாமல், சோளக்காட்டுப் பொம்மையாக நின்றேன். சட்டை மாற்றவே கதவைச் சாத்திக்கொள்ளும் நான், அத்தனை பேர் முன்னால் ஒவ்வொன்றாக உரித்தேன். சேட்டு ஒவ்வொன்றையும் வாங்கி, மணலை உதறி, முகம் மாறாமல் பார்த்தார். சுப்பண்ணன் மட்டும் கண்ணை மூடிக்கொண்டார். கடைசிப் பனியன் பிள்ளைகள் சைஸ். வரவே மாட்டேன் என்றது. தம்பிகள் ஆளுக்கொரு பக்கம் பிடித்து இழுத்தார்கள். கழுத்து கிழியாமல் விரிந்து, என் காதுகளை மடக்கிக்கொண்டு வெளியே வந்தது.

சேட்டு அதை இழுத்து விட்டுப் பார்த்தார். பழைய அளவுக்கே சுருங்கி நின்றது. அப்புறம்தான் அவருக்குச் சிரிப்பு வந்தது. மணலில் உட்கார்ந்தே சிரித்தார். ஏதோ சொன்னார்.

"ஆர்டர் குடுத்துட்டாரப்பா!" என்றார் சுப்பண்ணன். "ஆனா யாரும் போடாததா அனுப்போணுமாம்."

அப்போதுதான் ஒட்டகக்காரர் என்னைப் பார்த்துப் பதறி, ஒட்டகத்திடமிருந்து கம்பளியை உருவிக்கொண்டு ஓடிவந்தார். "வேண்டாங்க" என்று வாய்வரை வந்தது. விழுங்கிவிட்டு வாங்கிக்கொண்டேன்.

கல்யாணமான புதிதில் இதை மனைவியிடம் சொன்னது என் தப்பு. அதிலிருந்து மாமியார் வீட்டில் இலைக்கு முன்னால் உட்கார்ந்து, இன்னொரு கரண்டிப் பாயசத்துக்கு நான் "வேண்டாங்க" என்று ஆரம்பித்தால் போதும். உள்ளேயிருந்து அவள் குரல் வரும்:

"உட்டுருங்கம்மா, ஒட்டகத்துக்கு ஊத்திக்கலாம்."